பதினேழு பொட்டு வைத்த கிட்டார்

ஆளில்லாத அறைக்குள் நுழையும்போதும் சஞ்சீவனி டீச்சர் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவார். தட்டிவிட்டு ஒரு கணம் நிற்பார். உள்ளே கதிரைகளையும் கரும்பலகையையும் தவிர எதுவும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் தட்டாமல் அவர் நுழைந்ததை இந்தப் பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை. ஜன்னலைத் திறக்க வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவரிடம் "தொறக்கவாங்க?" என்பார். தன்னுடைய குடையை எடுப்பதற்கே "எடுத்துக்கவா சேர்?" என்று என்னைக் கேட்டிருக்கிறார். "அது உங்கட குடைதானே டீச்சர்" என்றேன். "ஒங்க மேசைல சாஞ்சிருக்குங்களே சேர், அதான்" என்றார்.

தெல்தோட்டைக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து இன்னும் இருபது நிமிடம் ஏறி நடக்க வேண்டிய ஒரு தோட்டப் பாடசாலையில் அவர் கணிதம் படிப்பிக்கிறார். நான் தமிழ் படிப்பிக்கிறேன். எனக்கு ஊர் யாழ்ப்பாணம். பாடசாலையின் பொருட்பதிவேடும் என்னிடம்தான் இருக்கிறது. கதிரை எத்தனை, அலுமாரி எத்தனை, மணி ஒன்று, மணியடிக்கிற இரும்புத்துண்டு ஒன்று என்று எல்லாம் அதில் இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து மூன்று பேர் வந்து ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்துச் சரிபார்ப்பார்கள். ஒரு மேசையின் கால் ஆடினாலும் நான்தான் காரணம் எழுத வேண்டும். இந்தப் பொறுப்பால் எனக்குக் கொஞ்சம் கர்வமும் நிறையப் பயமும் உண்டு. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. சஞ்சீவனி டீச்சர் கிட்டார் வாசிக்கத் தொடங்கியதே அந்தப் பதிவேட்டினால்தான்.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனம் பந்துகள், வரைபடங்களோடு ஒரு பொக்ஸ் கிட்டாரையும் தந்துவிட்டுப் போனது. வாசிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. அலுமாரிக்கு மேலே ஒரு வருடம் படுத்திருந்தது. சரிபார்க்க வந்தவர்கள் அதை இறக்கித் தூசியை ஊதி, "இது பாவனையில் இல்லையா?" என்று கேட்டார்கள். இல்லை என்று எழுதினால் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதிபர் லீலாதேவி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் பதிவேட்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணித ஆசிரியை மெல்லக் கையை உயர்த்தினார்.

"நான் கொஞ்சம் பாவிச்சுப் பாக்கட்டுங்களா மேடம்?"

அன்றைக்கு அவருக்குக் கிட்டாரை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. எங்கள் பக்கத்தில் தண்ணீர்த் தாங்கியை ஒட்டி நின்றால்தான் போனில் வீடியோ ஓடும். இடைவேளையில் அங்கே போய் நின்று பார்ப்பார். பார்த்ததை மறப்பதற்குள் ஓடிவந்து வாசித்துப் பார்ப்பார். அவருக்கு அது இசையாக வரவில்லை, பின்னமாக வந்தது. "கம்பியச் சரிபாதில அமுக்குனா அதே சத்தம் மேல கேக்குது சேர். மூணுல ஒண்ணுல அமுக்குனா வேற ஒண்ணு வருது. எல்லாம் நம்ம கணக்குதான்" என்று ஒரு நாள் புதையல் கிடைத்த முகத்தோடு சொன்னார். ஆறாம் வகுப்புக்குப் பின்னத்தை அந்தக் கிட்டாரிலேயே படிப்பித்தார். அந்தத் தவணை பின்னத்தில் ஒரு பிள்ளையும் பெயிலாகவில்லை. நாலே மாதத்தில் பாட்டும் வந்துவிட்டது. பதிவேட்டில் 'பாவனையில் உள்ளது' என்று நான் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

அன்றிலிருந்து அந்தக் கிட்டார் அவருடைய முதுகில்தான் இருக்கிறது. சின்ன உருவம், பருத்திச் சாரி, இரண்டு கையிலும் நாலு நாலு கண்ணாடி வளையல், தோளில் சோக்குத்தூள் படிந்த கைப்பை. பின்னால் தலைக்கு மேலே கிட்டாரின் கழுத்து நீட்டிக்கொண்டிருக்கும். மழை வந்தால் மழைக்கோட்டைக் கழற்றிக் கிட்டாருக்குப் போட்டுவிட்டுத் தான் நனைந்துகொண்டு வருவார். ஏனென்று கேட்டால், "எனக்குக் காய்ச்சல் வந்தா லீவு போட்டுக்கலாம். இதுக்கு லீவு கெடையாதுங்களே சேர்" என்பார். எங்கள் மலையில் மழைக்குக் குறைவில்லை. அவருக்குத் தடிமனும் தும்மலும் குறைவதில்லை.

கிட்டாரின் முதல் இரண்டு கம்பிகளும் அடிக்கடி அறுந்தன. கம்பி சுற்றுகிற ஆணியில் எங்கோ ஒரு கூர் இருக்கிறது. அறுந்த நாட்களுக்கெல்லாம் திகதி போட்டு வைத்து, பதினொரு நாளைக்கு ஒரு தடவை என்று டீச்சர் சராசரியும் எடுத்திருக்கிறார். புதுக் கம்பி வாங்கக் கண்டிக்குப் போய்வருவதென்றால் ஒரு சனிக்கிழமை முழுதாகப் போய்விடும். அலுத்துப்போய் ஒரு நாள் தோட்டத்துக் கடையில் தொங்கிய தங்கூஸைப் பார்த்திருக்கிறார். மீன் பிடிக்கிற நைலோன் நூலைத்தான் இங்கே எல்லோரும் தங்கூஸ் என்பது. மெல்லியதை முதற் கம்பியாகவும் கொஞ்சம் தடித்ததை இரண்டாம் கம்பியாகவும் கட்டினார். மற்ற நாலும் பழைய உலோகக் கம்பிகள். ஆறு வருடமாகத் தங்கூஸ் ஒரு தடவைகூட அறுந்ததில்லை. சத்தம் கொஞ்சம் மிருதுவாக இருக்கும். எங்கள் பிள்ளைகளின் குரலோடு ஒட்டிப்போகிற சத்தம் அதுதான் என்பது என் கருத்து. எனக்கு இசைஞானமே இல்லை என்பது மற்றவர்களின் கருத்து.

அவருடைய பாட்டுக் குழுவில் பன்னிரண்டு பெண்பிள்ளைகள். பாட்டை எழுதுவது நான், மெட்டும் மற்றதெல்லாமும் அவர். வலயப் போட்டி ஒரு சின்ன மண்டபத்தில் நடக்கும். அங்கே எங்களுக்கு மூன்று வருடமாக முதலிடம். மாகாணப் போட்டி கண்டியில் ஒரு பெரிய மண்டபத்தில். போன வருடம் அங்கே மூன்று மைக் தந்தார்கள். மூன்றும் பாடுகிறவர்களுக்கு. டீச்சர் மேடையோரத்தில் உட்கார்ந்து விரல் சிவக்கச் சிவக்க வாசித்தார். தொடக்க இசை மேடையில் நின்ற பிள்ளைகளுக்கே கேட்கவில்லை. சுருதி பிடிபடாமல் குத்துமதிப்பில் மேலே எடுத்துவிட்டார்கள். உச்சிக்குப் போக வேண்டிய இடத்தில் முதற்குரல் பாடுகிற மதனியின் தொண்டை உடைந்தது. அவளைத் தொடர்ந்து பதினொரு குரலும் உடைந்தன. புள்ளித் தாளில் நடுவர் ஒருவர், அன்போடுதான், ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: 'பக்கவாத்தியம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் சிறப்பாக இருக்கும்.'

கலஹா வழியாகத் திரும்பி வருகிற பஸ்ஸில் டீச்சர் அந்தத் தாளை நாலாக மடித்தார். பிறகு விரித்து மறுபடியும் வாசித்தார். "நான் அங்கனதான சேர் இருந்தேன்" என்றார். மதனி மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. நாலாம் நாள் வந்து, கிட்டார் கேட்டால்தான் இனி மேடையில் பாடுவேன், இல்லையென்றால் என்னைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். டீச்சர் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. "செரி. கேக்க வைக்கிறேன்" என்றார். அவர் யாரையும் கேட்காமல் ஒரு வாக்குக் கொடுத்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

கிட்டாரின் சத்தத்தை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோக 'பிக்கப்' என்று ஒரு சாமான் உண்டு. கிட்டாரில் ஓட்டை போட்டு உள்ளே பொருத்துவது நல்லது என்று கண்டியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் என்னிடம் வந்து, ஒரு ஓட்டை, சின்னது, சுண்டுவிரல் அளவு, போடலாமா என்று கேட்டார். பதிவேட்டில் உள்ள பொருளில் ஓட்டையா! வருகிற மூன்று பேருக்கும் நான் என்ன எழுதிக் கொடுப்பது?

"டீச்சர், உங்களுக்காக நான் எதுவும் செய்வன். ஆனா ஓட்டை மட்டும் கேக்காதேயுங்கோ" என்றேன்.

"ஒட்டிட்டுக் கழட்டுற மாதிரி இருந்தா?"

"கழட்டின பிறகு அடையாளம் இருக்கப்படாது."

"செரிங்க சேர்" என்று போய்விட்டார். மறுநாள் கட்டக் கொப்பியில் ஒரு அட்டவணை வந்தது. மேலே நிபந்தனைகள்: ஓட்டை கூடாது. பசை அடையாளம் கூடாது. பற்றரி கூடாது, அது போட்டியன்று பார்த்துத்தான் தீர்ந்துபோகும். ஐயாயிரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் அது அவருடைய சொந்தப் பணம். பெற்றோரிடம் கேட்கலாம் என்று அதிபர் சொல்லியும் அவர் சம்மதிக்கவில்லை. அட்டவணையில் ஐந்து வகை இருந்தன. ஒன்று முப்பத்தைந்தாயிரம், அதன்மேல் ஒரு கோடு. இரண்டுக்குப் பற்றரி, அவற்றின்மேலும் கோடு. மிஞ்சியவை இரண்டு. கிட்டாரின் வட்டத் துவாரத்தில் கவ்வி நிற்கிற காந்தப் பிக்கப் நாலாயிரத்து ஐந்நூறு. பலகையின்மேல் ஒட்டுகிற, பழைய ஒரு ரூபாக் காசளவு வட்டப் பிக்கப் ஆயிரத்து எண்ணூற்றைம்பது.

ஒரு சனிக்கிழமை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் போனோம். பதிவேட்டுப் பொருள் வெளியே போகிறது என்பதால் நானும் கூடப் போனேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் எனக்கும் ஆசைதான். பாலத்துக்கு இந்தப் பக்கம் நஸீப்பின் கடை. மின்விசிறியும் ரைஸ் குக்கரும் திருத்துகிற கடை. பின்சுவரில் ஸ்பீக்கர், மைக், இரண்டு கிட்டார். கடை திறந்துதான் இருந்தது. டீச்சர் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். "வாங்க டீச்சர், கடைக்கு எதுக்குத் தட்டுற?" என்று நஸீப் சிரித்தார்.

காந்தப் பிக்கப்பைத் துவாரத்தில் கவ்வவைத்து வயரைக் குத்தி ஸ்பீக்கரைப் போட்டார். டீச்சர் தடித்த கம்பியை மீட்டினார். கடையில் தொங்கிய ரைஸ் குக்கர் கரண்டிகள் எல்லாம் அதிர்ந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்தது, அடுத்தது, நாலு கம்பியும் முழங்கின. ஐந்தாவதாகத் தொட்டார். ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. ஆறாவது, அதுவும் ஊமை.

"சாமான்ல ஏதோ பிழை ஈக்கி" என்று நஸீப் வேறொரு பெட்டியை உடைத்து எடுத்தார். அதே கதை. வயரை மாற்றினார். ஸ்பீக்கரை மாற்றினார். "அல்லாஹ்வே, புதுப் பெட்டி டீச்சர், நேத்துத்தான் வந்த" என்று நெற்றியைத் துடைத்தார். அவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நஸீப்பின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் மட்டும் பில் புத்தகத்தைக் காட்டி, "இதுல ஒரு தாள் எடுத்துக்கவா?" என்று கேட்டு, எடுத்து, பின்பக்கத்தில் கட்டம் போட்டார். பிக்கப் ஒன்று, பிக்கப் இரண்டு. வயர் ஒன்று, வயர் இரண்டு. ஸ்பீக்கர் ஒன்று, ஸ்பீக்கர் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே மாற்றினோம், மாற்றினோம் என்று எழுதிக்கொண்டே வந்தார். "நாம மாத்தாதது எது?" என்று தனக்குள்ளேயே கேட்டார். பேனா நின்றது. கிட்டாரைக் குனிந்து பார்த்தார். திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"தங்கூஸ் சேர்! காந்தத்துக்கு இரும்புதான வேணும். இது தங்கூஸ்!"

நஸீப் கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். "நான் இருபது வருசம் கடை நடத்துற டீச்சர்" என்றார். "நீங்க பாட்டுக்கு வந்தா, மீனுக்கு வந்தா?" மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

சிரித்து முடிந்ததும் உண்மையான சிக்கல் வந்தது. இரண்டு உலோகக் கம்பியும் காந்தப் பிக்கப்பும் வாங்கினால் சத்தம் சுத்தமாக இருக்கும், கணீரென்று கேட்கும். ஆனால் உலோகக் கம்பி அறுகிற கம்பி. வட்டப் பிக்கப்புக்குத் தங்கூஸும் ஒன்றுதான், இரும்பும் ஒன்றுதான். பலகை அதிர்ந்தால் போதும். ஆனால் அது எல்லாவற்றையும் கேட்கும். ஒட்டிப் பார்த்தபோது கிட்டாரோடு சேர்ந்து டீச்சரின் வளையல் கேட்டது, சாரி மடிப்பு பலகையில் உரசுவது சர் சர் என்று கேட்டது, சட்டைப்பின் தட்டுவது வெடியோசையாகக் கேட்டது. நஸீப் காந்தப் பிக்கப்பைத்தான் எடுக்கச் சொன்னார். "வெல கூடத்தான். ஆனா சத்தம் நல்லம். யாரும் அதத்தான் எடுப்பாங்க."

டீச்சர் தங்கூஸை விரலால் ஒருமுறை சுண்டினார். "கம்பி அறுந்தா நான் ஒண்ணும் செய்ய ஏலாது நஸீப். வளையல் சத்தம் கேட்டா வளையலக் கழட்டிறலாம்" என்றார். "என்னால திருத்தக்கூடிய பிழை உள்ளதத் தாங்க." வட்டப் பிக்கப்பை எடுத்துக்கொண்டார். எதையும் கேட்டுக் கேட்டுச் செய்கிற ஒருத்தி இத்தனை தெளிவாகத் தேர்ந்தெடுத்ததைப் பார்த்து நஸீப்பும் காந்தப் பிக்கப்பை எடுத்து வைத்துவிட்டார். பெட்டியைச் சுற்றிக் கொடுக்கும்போது, "கழட்டுறதுக்கு இரட்டைப் பக்க டேப் போடாதீங்க, வார்னிஷ் உரியும். செவத்துல படம் ஒட்டுற மெழுகுப் பசை ஈக்கி, அத உருட்டிப் போடுங்க" என்றார். வார்னிஷ் என்ற சொல்லைக் கேட்டதுமே நான் அந்தப் பசையில் இரண்டு பாக்கெட் வாங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பைக் கடந்து போன நான் கதவருகில் நின்றுவிட்டேன். மேசையில் கிட்டார் மல்லாந்து கிடந்தது. அதன் உடம்பெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. எண்ணிப் பார்த்தேன், பதினேழு.

"டீச்சர்! என்ன செய்யிறியள்? உதெல்லாம் உரிக்கேக்க வார்னிஷும் சேந்து வராதோ?"

"வராது சேர். மொதல்ல என் கைக்கடிகாரக் கண்ணாடில, பொறகு பழைய மேசைல, ரெண்டு நாள் ஒட்டிப் பாத்துட்டுத்தான் செய்யிறேன். ஒங்ககிட்டக் கேக்கலாம்னுதான் வந்தேன், நீங்க வகுப்புல இருந்தீங்க."

பிக்கப்பை எந்த இடத்தில் ஒட்டினால் எப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். பதிவேட்டுப் பொருளில் பேனாவால் அடையாளம் போட முடியாது. அதனால் பொட்டு. அறையின் பின்வரிசையில் பன்னிரண்டு பிள்ளைகளும் கண்களை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். வயரைப் பாடசாலை ஸ்பீக்கரில் குத்தி, டீச்சர் ஒவ்வொரு பொட்டிலும் பிக்கப்பை ஒட்டி ஒரே நாலு அடியை வாசித்தார். நன்றாகக் கேட்டால் கை உயர்த்த வேண்டும். துவாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் ஓவென்று ஊளையிட்டது. விளிம்பில் ஒட்டினால் தகரம் மாதிரி இருந்தது. ஒவ்வொரு பொட்டுக்கும் எத்தனை கை என்று அட்டவணை நிரம்பியது. நானும் ஆசைப்பட்டுக் கண்ணை மூடிக் கையைத் தூக்கினேன். "சேர், இப்ப நான் வாசிக்கவே இல்லைங்க" என்றார் டீச்சர். பிள்ளைகள் இரண்டு நிமிடம் சிரித்தார்கள்.

பதினொன்றாம் பொட்டுக்குப் பன்னிரண்டு கையும் உயர்ந்தன. கம்பிகள் வந்து முடிகிற மரக்கட்டைக்குக் கீழே, மெல்லிய கம்பிகளின் பக்கமாக இரண்டு விரல் தள்ளி. அங்கே ஒட்டியதும் தங்கூஸின் அந்த மிருதுவான சத்தம் அப்படியே வந்தது, ஆனால் பெரிதாக வந்தது. மதனி கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தாள். "டீச்சர், இதுதான் எனக்குக் கேக்கணும்" என்றாள். மற்றப் பதினாறு பொட்டையும் டீச்சர் நகத்தால் ஒவ்வொன்றாக உரித்தார். நான் பூதக்கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ஒரு அடையாளமும் இல்லை. பதினொன்றாவதை மட்டும் விட்டுவைக்கட்டுமா என்று கேட்டார். நான் பதிவேட்டை நினைத்தேன், பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். இருக்கட்டும் என்றேன்.

அடுத்த மூன்று வாரமும் அவர் அசையாமல் வாசிக்கப் பழகினார். பாடசாலைக்கு ஆசிரியைகள் சாரிதான் உடுத்த வேண்டும். அதனால் மடிப்பை இடது பக்கம் இறுக்கிச் சொருகி, சட்டைப்பின்னை முதுகுப்பக்கம் குத்தப் பழகினார். வளையல்கள் காலையில் என் மேசை இழுப்பறைக்குள் வந்துவிடும். மூச்சுவிடுவதுகூடக் கேட்கிறதாம், வாசிக்கும்போது பலகையில் நெஞ்சு படாமல் உட்காருவார். நான் பார்த்த எத்தனையோ பேர் திறமைக்குப் பெருமைப்படுவார்கள். இந்த மனுஷி தன் சாரியோடும் மூச்சோடும் பேரம் பேசி, ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாச் சாமானை முப்பத்தைந்தாயிரத்துச் சாமான் மாதிரிப் பாட வைத்துக்கொண்டிருந்தார். அவர் என்னோடு ஒரே அறையில் வேலை செய்கிறவர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அப்போதே பெருமை வந்துவிட்டது. ஊருக்கு அக்காவுக்கு எடுத்த போனில் பத்து நிமிடம் இதையே சொன்னேன்.

மாகாணப் போட்டி போன மாதம் நடந்தது. அதே மண்டபம், அதே மூன்று மைக். மேடைக்குக் கீழே இடது பக்கத்தில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் மேசையோடு ஒலிகாரர் இருந்தார், சிங்களத் தம்பி, இருபத்தைந்து வயது இருக்கும். காலை எட்டு மணிக்கே டீச்சர் அவரிடம் போய், "மல்லி", அதாவது தம்பி, என்று தொடங்கி, இந்த வயரை எங்கேயாவது குத்தலாமா என்று சிங்களத்தில் கேட்டார். "பொட்டக் இன்ன டீச்சர்" என்று அவர் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். டீச்சர் கொஞ்சமல்ல, ஒன்றரை மணித்தியாலம் பொறுத்தார், நின்றுகொண்டே. கடைசியில் ஆறாம் இலக்கத் துளை கிடைத்தது. வயர் நீளம் போதாது என்பதால் மேடைக்கு ஏற முடியாது. மிக்சரை ஒட்டியே ஒரு கதிரை போடலாமா என்று கேட்டார். போட்டுக்கொண்டார். ஒருமுறை வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். தம்பி ஆறாம் இலக்கத்துச் சறுக்குப்பிடியை மேலே தள்ள, வெறும் மண்டபத்தில் எங்கள் கிட்டார் நிறைந்தது. கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

எங்கள் முறை ஒன்பதாவது. பிள்ளைகள் மேடையில் ஏறி அரைவட்டமாக நின்றார்கள். முன் வரிசையில், டீச்சரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நான். முந்திய பாடசாலை இறங்கியதும் தம்பி எல்லாப் பிடியையும் கீழே இறக்கியிருந்தார். மைக் மூன்றையும் மறுபடி ஏற்றினார். ஆறாம் இலக்கத்துக்குக் கை போகுமுன் மேடையில் ஒரு மைக் தாங்கி சாய்ந்தது. அவர் எழுந்து அதைப் பிடிக்க ஓடினார். அறிவிப்பாளர் எங்கள் பாடசாலையின் பெயரைச் சொல்லிவிட்டார்.

டீச்சர் தொடக்க இசையை வாசிக்கத் தொடங்கினார். ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை.

எனக்கு அவருடைய விரல் அசைவது தெரிந்தது. பக்கத்தில் இருந்ததால் மெல்லிய சத்தமும் கேட்டது. மேடைக்கு அது போகவில்லை. மதனி டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றப் பதினொரு பேரும் மதனியைப் பார்த்தார்கள். டீச்சர் நிறுத்தாமல் தொடக்க இசையை இரண்டாம் தடவைக்குத் திருப்பினார். தம்பி மேடையில் முதுகு காட்டிக்கொண்டு தாங்கியைத் திருகிக்கொண்டிருந்தார். நடுவர்கள் மூவரில் ஒருவர் பேனாவைத் திறந்தார். எனக்கோ, எழுந்து தம்பியைக் கூப்பிடலாமா, நடுவரிடம் சொல்லலாமா, இப்படியொரு மண்டபத்தில் யாரிடம் எதைக் கேட்பது என்று ஒன்றும் ஓடவில்லை.

டீச்சர் என்னைப் பார்த்தார். ஜன்னலைத் திறக்கவா என்று கேட்கிற அதே பார்வை. நான் தலையாட்டினேனா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் அதற்குக் காத்திருக்கவும் இல்லை. ஆறு கம்பியையும் சேர்த்து ஒரு அடி அடித்தார். அவை அதிர்ந்துகொண்டிருக்கும்போதே வளையல் இல்லாத வலது கையை மிக்சருக்கு நீட்டி, ஆறாம் இலக்கத்துப் பிடியை இரண்டு விரலால் மேலே, முடிகிற இடம்வரை தள்ளிவிட்டு, கையைத் திருப்பிக்கொண்டுவந்து அடுத்த அடியை அடித்தார். இந்த முறை அது ஸ்பீக்கரில் வந்தது.